தைராய்டு மாத்திரை: ஏன், எப்படி, எத்தனை நாளைக்கு?

போன பகுதியில ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை எப்படிப் படிக்கிறதுன்னு பேசினோம். அதுக்கப்புறம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே ஒரு வரியைப் பத்தித்தான் இருந்துச்சு: டிஎஸ்ஹெச். "எனக்கு டிஎஸ்ஹெச் 8 இருக்கு, மாத்திரை போட்டே ஆகணுமா?" "ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விட முடியாதாமே?" "ரெண்டு வருஷமா போடுறேன், உடம்பு இளைக்கவே இல்லையே?" இப்படி. அதனால இந்தப் பகுதி முழுக்க தைராய்டு மாத்திரை பத்தித்தான்.

ஒரு பொது மருத்துவரா என் கிளினிக்ல நான் தினமும் எழுதுற மருந்துகள்ல இதுவும் ஒன்னு. இந்தியாவில் சென்னை உட்பட எட்டு நகரங்களில் பெரியவர்களைப் பரிசோதித்து, 2013-ல் ஒரு ஆய்வு வெளியானது. அதில் சுமார் 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. ஒன்பது பேருக்கு ஒருத்தர். உங்க வீட்டுலயோ பக்கத்து வீட்டுலயோ கண்டிப்பா ஒருத்தர் இருப்பாங்க. ஆனா இவ்வளவு பேர் போடுற இந்த மாத்திரையை இவ்வளவு பேர் பாதியில விடுறாங்க, காபியோட போடுறாங்க, பத்து வருஷம் பழைய சீட்டைக் காட்டியே வாங்குறாங்க. மருந்து சரியா இருந்தும் பலன் கிடைக்காம போறது இங்கதான்.

கழுத்துல இருக்கிற சுரப்பியும் மேஸ்திரியும்

கழுத்தோட முன்பக்கம், குரல்வளைக்குக் கொஞ்சம் கீழே, பட்டாம்பூச்சி மாதிரி இருக்கிறதுதான் தைராய்டு சுரப்பி. எடை 20 கிராம் அளவுதான். நாம சாப்பிடுற உப்புலயும் மீன்லயும் பால்லயும் இருக்கிற அயோடினை எடுத்து, அது ரெண்டு ஹார்மோன் செய்யும். ஒன்னு தைராக்சின். அதுல நாலு அயோடின் அணு இருக்கிறதால டி4-ன்னு சொல்றோம். இன்னொன்னு டி3, அதுல மூணு அணு.

சுரப்பி பெரும்பாலும் வெளியே விடுறது டி4-ஐத்தான். ஆனா செல்லுக்குள்ள போய் உண்மையில் வேலை பார்க்கிறது டி3. அப்போ அந்த டி3 எங்கிருந்து வருது? ஈரல், சிறுநீரகம், தசைன்னு உடம்புல பல இடங்கள்ல டி4-லிருந்து ஒரு அயோடினைக் கழட்டி, உடம்பே டி3-ஆக மாத்திக்குது. நம்ம உடம்புல இருக்கிற டி3-யில் ஐந்தில் நாலு பங்கு இப்படி வெளியே தயாரானதுதான். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, மாத்திரைக்கு வரும்போது தேவைப்படும்.

இந்த ஹார்மோன் போகாத உறுப்பே உடம்புல இல்லை. இதயம் எவ்வளவு வேகமா துடிக்கணும், குடல் எவ்வளவு வேகமா நகரணும், உடம்பு எவ்வளவு சூடு உண்டாக்கணும், எல்லாத்துலயும் இதுக்குப் பங்கு இருக்கு. அதனாலதான் இது குறைஞ்சா வர்ற அறிகுறிகள் தலை முதல் கால் வரைக்கும் பரவி இருக்கும். சோர்வு, மலச்சிக்கல், முடி கொட்டுறது, தோல் வறண்டு போறது, எல்லாரும் ஃபேன் கேட்கும்போது இவங்களுக்கு மட்டும் குளிர்றது, முகம் உப்புறது, மாதவிடாய் அதிகமாகுறது, மறதி, மனச்சோர்வு. ஒவ்வொன்னா பார்த்தா வேற எந்தக் காரணத்தாலயும் வரலாம். அதனாலதான் ரத்தப் பரிசோதனை தேவைப்படுது.

இப்போ டிஎஸ்ஹெச். மூளைக்கு அடியில பட்டாணி அளவுக்கு பிட்யூட்டரின்னு ஒரு சுரப்பி இருக்கு. அதை ஒரு மேஸ்திரின்னு வச்சுக்கோங்க. தைராய்டுதான் வேலை செய்ற ஆள். வேலை ஒழுங்கா நடந்தா மேஸ்திரி சாதாரணமா பேசுவார். வேலை சுணங்கினா சத்தம் போடுவார். அந்தச் சத்தம்தான் டிஎஸ்ஹெச். அது 10-க்கு மேல, 40, 80-ன்னு ஏறுதுன்னா மேஸ்திரி கத்திக்கிட்டே இருக்கார், ஆளால முடியலைன்னு அர்த்தம். டி4 லேசா குறைஞ்சாலே டிஎஸ்ஹெச் பல மடங்கு ஏறிடும். அதனாலதான் டாக்டர்கள் முதல்ல டிஎஸ்ஹெச்சைப் பார்க்கிறாங்க. பெரும்பாலான லேப்கள்ல சரியான அளவு 0.4-லிருந்து 4 அல்லது 4.5 வரைக்கும்னு போட்டிருப்பாங்க.

இதுல ஒரு விதிவிலக்கு இருக்கு. சில பேருக்கு மேஸ்திரியே வேலைக்கு வரமாட்டார். பிட்யூட்டரில கட்டி, அறுவை சிகிச்சை, பிரசவத்துல கடுமையான ரத்தப்போக்கு ஏற்பட்டு பிட்யூட்டரி பாதிக்கப்பட்டவங்க இவங்க. டிஎஸ்ஹெச் நார்மலாவே இருக்கும், டி4 மட்டும் குறைஞ்சிருக்கும். டிஎஸ்ஹெச்சை மட்டும் பார்த்தா இவங்க தப்பிப் போயிடுவாங்க. இவங்களுக்கு கார்டிசோலும் குறைஞ்சிருக்கலாம். அதைச் சரிபார்க்காம தைராய்டு மாத்திரையை முதல்ல ஆரம்பிச்சா ஆபத்து.

சரி, ஆளால ஏன் முடியாம போகுது? அயோடின் போதுமான அளவு கிடைக்கிற இடங்கள்ல முதல் காரணம் ஹஷிமோட்டோ நோய். 1912-ல் ஹகாரு ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் முதலில் விவரித்தது. கிருமியை எதிர்க்க வேண்டிய நம்ம நோய் எதிர்ப்பு சக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்கி, கொஞ்சம் கொஞ்சமா அழிக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். தைராய்டை அறுவை சிகிச்சையில எடுத்தவங்க, ரேடியோ அயோடின் சிகிச்சை எடுத்தவங்க, லித்தியம், அமியோடரோன் மாதிரியான மருந்து சாப்பிடுறவங்களுக்கும் குறையலாம்.

ஆட்டுச் சுரப்பியிலிருந்து வெள்ளை மாத்திரை வரை

இந்த மாத்திரை இல்லாத காலத்துல என்ன ஆச்சுன்னு தெரிஞ்சாதான் இதோட அருமை தெரியும். 19-ஆம் நூற்றாண்டில் இந்த நோய்க்கு மருந்தே கிடையாது. முகமும் உடம்பும் உப்பி, பேச்சு குழறி, சிந்தனை மந்தமாகி, கடைசியில் நினைவிழந்து இறந்து போவார்கள். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் தியோடர் கோக்கர் என்ற அறுவை மருத்துவர் கழுத்துக் கழலைக்காகத் தைராய்டை முழுசாக எடுத்த நோயாளிகளைத் திரும்ப வரவழைத்துப் பார்த்தபோது, பலர் இதே நிலையில் இருந்தார்கள். அதை அவர் 1883-ல் வெளியிட்டார். கழுத்தில் இருக்கும் அந்தச் சின்னச் சுரப்பி இல்லாமல் மனிதன் நல்லபடி வாழ முடியாது என்பது அப்போதுதான் தெளிவாகப் புரிய ஆரம்பித்தது. தைராய்டு பற்றிய பணிக்காக 1909-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

1891-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மரே என்ற இளம் மருத்துவர் ஒரு காரியம் செய்தார். ஆட்டின் தைராய்டிலிருந்து சாறு எடுத்து, 46 வயதுப் பெண் ஒருவருக்குத் தோலுக்கடியில் ஊசியாகப் போட்டார். சில மாதங்களில் வீக்கம் வடிந்தது, பேச்சு தெளிந்தது, நடமாட்டம் திரும்பியது. அடுத்த ஆண்டே, ஊசி வேண்டாம், ஆட்டுத் தைராய்டை வாயால் சாப்பிட்டாலே போதும் என்று வேறு மருத்துவர்கள் காட்டினார்கள். லேசாகப் பொரித்து, நறுக்கி, ஜாமோடு சேர்த்துக்கூடக் கொடுத்தார்கள். மரேயின் அந்த நோயாளி 74 வயது வரை, அதாவது இன்னும் 28 வருஷம் உயிரோடு இருந்தார். அவருக்காக 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் தைராய்டு தேவைப்பட்டது.

1914-ல் கிறிஸ்துமஸ் நாளன்று அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் எட்வர்ட் கெண்டல் தைராக்சினைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். டன் கணக்கில் பன்றித் தைராய்டு போட்டால் கிராம் கணக்கில்தான் தைராக்சின் கிடைத்தது. 1926-ல் சார்லஸ் ஹாரிங்டன் அதன் வேதி அமைப்பைக் கண்டுபிடித்தார். மறு வருஷமே ஜார்ஜ் பார்கருடன் சேர்ந்து அதைச் சோதனைச்சாலையில் செய்து காட்டினார். இன்னைக்கு தைரோநார்ம், எல்ட்ராக்சின்னு நீங்க வாங்குற மாத்திரைக்குள்ள இருக்கிறது அந்தப் பொருளோட சோடியம் உப்பு. பேரு லெவோதைராக்சின்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்றேன். இதை "இங்கிலீஷ் மருந்து, சூடு, உடம்பைக் கெடுக்கும்"னு பயப்படுறவங்க நிறைய. லெவோதைராக்சின் உங்க தைராய்டு சுரக்கிற டி4-தான். அணுவுக்கு அணு அதேதான். உடம்புக்கு வித்தியாசமே தெரியாது. மாத்திரையா போன டி4-ஐயும் உடம்பு தனக்குத் தேவையான அளவு டி3-ஆக மாத்திக்கும். கிணத்துல தண்ணி வத்திப்போனா லாரியில தண்ணி வாங்கி ஊத்துறோம் இல்லையா, அந்த மாதிரி. குறைஞ்சதை நிரப்புறோம், அவ்வளவுதான்.

ஏழு நாள் கணக்கு

இந்த மாத்திரையைப் பத்தி ஒரே ஒரு எண்ணை ஞாபகம் வச்சுக்கணும்னா, அது ஏழு. ரத்தத்துல இருக்கிற டி4 பாதியா குறைய சுமார் ஏழு நாள் ஆகும். இந்த ஒரு எண்ணிலிருந்து பல கேள்விக்குப் பதில் கிடைச்சிடும்.

முதல்ல, ஏன் ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவை போட்டா போதும்? மெதுவா குறையிறதால. காலையில போட்டது சாயங்காலம் தீர்ந்துடாது.

அடுத்தது, டோஸ் மாத்தினா ஏன் ஆறு வாரம் கழிச்சு டெஸ்ட் எடுக்கச் சொல்றாங்க? ரத்தத்துல புது அளவு நிலையா நிக்க அஞ்சு வாரமாவது ஆகும். மேஸ்திரி சமாதானமாக அதுக்கு மேல கொஞ்ச நாள். அதனால ஆறிலிருந்து எட்டு வாரம். பத்து நாள்ல டெஸ்ட் எடுத்துட்டு "இன்னும் குறையலையே"ன்னு கவலைப்படுறது வீண்.

ஒரு நாள் மறந்துட்டா? பதற வேண்டாம். அன்னைக்கே ஞாபகம் வந்தா வெறும் வயித்துல போட்டுக்கலாம். மறுநாள்தான் ஞாபகம் வந்துச்சுன்னா, பெரும்பாலானவங்க ரெண்டையும் சேர்த்துப் போட்டுக்கலாம். இதய நோய் இருக்கிறவங்க மட்டும் டாக்டரைக் கேட்டுட்டுச் செய்யுங்க.

கடைசியா ரொம்ப முக்கியமானது. மாத்திரையை நிறுத்தினா என்ன ஆகும்? முதல் வாரம் ஒன்னுமே ஆகாது. ரெண்டாவது வாரமும் பெருசா தெரியாது. "பாத்தீங்களா, மாத்திரை இல்லாமலே நல்லாத்தானே இருக்கேன்"னு தோணும். சுரப்பி சுத்தமா வேலை செய்யலைன்னா ஏழு நாள்ல பாதி, பதினாலு நாள்ல கால், இருபத்தோராம் நாள் அரைக்கால்னு உள்ளே கையிருப்பு கரைஞ்சுக்கிட்டே இருக்கும். சோர்வு திரும்ப வரும்போது மாத்திரையை விட்டது ஞாபகத்துலயே இருக்காது. வயசாயிட்டதுன்னோ, வேலை அதிகம்னோ நினைச்சுக்குவாங்க. வயசானவங்க மாசக்கணக்கா விட்டுட்டு, அந்த நேரம் பார்த்து நிமோனியா மாதிரி ஒரு தொற்று வந்தா, உடம்பு சில்லிட்டு நினைவு தப்புற நிலைக்குப் போயிடலாம். அதுல உயிர் போற வாய்ப்பு இன்னைக்கும் இருக்கு.

எவ்வளவு டோஸ்?

சுரப்பி முழுசா வேலை செய்யலைன்னா, ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு சுமார் 1.6 மைக்ரோகிராம். 60 கிலோ இருக்கிறவங்களுக்கு 100 மைக்ரோகிராம் பக்கத்துல வரும். மில்லிகிராம் இல்லை, மைக்ரோகிராம். கிராம்ல பத்து லட்சத்துல ஒரு பங்கு. அவ்வளவு நுணுக்கமான கணக்கு இருக்கிறதாலதான் கடையில 12.5, 25, 50, 62.5, 75, 88, 100, 112, 125-ன்னு இத்தனை அளவுல விக்குது. மருந்துக்கடையில "75 இல்லை, 100 இருக்கு, ஒன்னும் ஆகாது"ன்னு சொன்னா வாங்காதீங்க. ஒரே கம்பெனி மாத்திரையைத் தொடர்ந்து வாங்குறதும் நல்லது. மாத்த வேண்டி வந்தா ஆறு வாரத்துல ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்துக்கோங்க.

சுரப்பி பாதி வேலை செஞ்சுக்கிட்டு இருந்தா இதைவிடக் குறைச்சல் போதும். வயசானவங்களுக்கும் இதய நோய் இருக்கிறவங்களுக்கும் 12.5 அல்லது 25-லதான் ஆரம்பிக்கணும். பல மாசமா மெதுவா ஓடின இதயத்தைத் திடீர்னு விரட்டினா நெஞ்சு வலி வரலாம். அளவு சரியாகி நிலைச்ச பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை டிஎஸ்ஹெச் பார்த்தா போதும்.

காபிக்கு முன்னாடியா, பின்னாடியா?

நம்ம ஊர்ல இந்த மாத்திரைக்குப் பெரிய எதிரி காலைக் காபிதான். வெறும் வயித்துல தண்ணியோட போட்டா மாத்திரையில் முக்கால் பங்கு வரைக்கும் சிறுகுடல்ல உறிஞ்சப்படும். கூடவே காபி, டீ, பால் போனா அது குறையும். எழுந்ததும் தண்ணியோட மாத்திரை, அதுக்கப்புறம் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் காபி. வீட்டு வேலையெல்லாம் தலையில சுமக்கிற பெண்களுக்கு இது கஷ்டம்னு எனக்குத் தெரியும். காலையில அஞ்சரைக்கு எழுந்து, அந்த ஒரு டம்ளர் காபியைக் குடிச்சாதான் அடுப்படியில நிக்கவே முடியும்னு சொல்லுவாங்க. அவங்களுக்கு ரெண்டு வழி இருக்கு. மாத்திரையையும் தண்ணி பாட்டிலையும் படுக்கைக்குப் பக்கத்துலயே வச்சுக்கிட்டு, கண் முழிச்சதும் போட்டுட்டு, பல் தேய்ச்சு, குளிச்சு, வாசல் தெளிச்சுட்டு வந்தா நேரம் சரியா இருக்கும். இல்லைன்னா ராத்திரிக்கு மாத்திக்கலாம். சாப்பிட்டு மூணு மணி நேரம் ஆன பிறகு, படுக்கும்போது. 2010-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், இரவில் போட்டவர்களுக்கு ஹார்மோன் அளவு காலையில் போட்டதைவிடக் கொஞ்சம் நன்றாகவே இருந்தது. ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டுப் பதினொன்னுக்குப் படுக்கிறவங்களுக்கு இது சரிப்படும். பத்து மணிக்குத் தோசை சாப்பிட்டுப் பத்தரைக்குப் படுக்கிறவங்களுக்குச் சரிப்படாது.

ரெண்டாவது எதிரி கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகள். இவை குடலுக்குள்ள லெவோதைராக்சினைப் பிடிச்சு வச்சுக்கும். நாலு மணி நேரம் இடைவெளி வேணும். அசிடிட்டிக்குச் சாப்பிடுற மருந்துகளும் உறிஞ்சுறதைக் குறைக்கலாம். சோயாவும் அப்படித்தான். தினமும் சாப்பிடுறீங்கன்னா டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. சொல்லிட்டா போதும், டோஸை அதுக்குத் தகுந்த மாதிரி வச்சுக்கலாம்.

முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை சாப்பிடுறவங்க கவனிங்க. அது தைராய்டைக் கெடுக்காது, ஆனா பல லேப் கருவிகளை ஏமாத்திடும். டிஎஸ்ஹெச் குறைவாகவும் டி4 அதிகமாகவும் பொய்யா காட்டும். டெஸ்டுக்கு ரெண்டு நாள் முன்னாடி நிறுத்திடுங்க.

இன்னொன்னு, வெயில். லெவோதைராக்சின் சூடு, ஈரம், வெளிச்சம் மூணுக்கும் ஆகாது. மாத்திரை பாட்டிலை அடுப்பு மேடையிலயோ, ஜன்னல் ஓரத்துலயோ, கார்லயோ வைக்காதீங்க. மூடியை இறுக்கி மூடி, பீரோவுக்குள்ள வைங்க.

நோன்பு, விரதம் இருக்கிறவங்க மாத்திரையை விட வேண்டியதில்லை. ரமலான் மாசத்துல படுக்கும்போதோ, இல்லைன்னா சஹர் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடியோ போட்டுக்கலாம். எந்த நேரம் எடுத்தாலும் தினம் அதே நேரம் எடுக்கிறதுதான் முக்கியம்.

கர்ப்பம்

இந்தப் பகுதியை மட்டுமாவது வீட்டுல பெரியவங்களுக்கும் போட்டுக் காட்டுங்க.

வயித்துல இருக்கிற குழந்தைக்கு முதல் மூணு மாசம் சொந்தமா தைராய்டு ஹார்மோன் கிடையாது. பன்னிரண்டாவது வாரத்துக்கு அப்புறம்தான் அதோட சுரப்பி மெல்ல ஆரம்பிக்கும், தேவையான அளவு சுரக்க அஞ்சு மாசம் ஆகும். அதுவரைக்கும் குழந்தையோட மூளை வளர்ச்சிக்கு அம்மாவோட டி4-தான் போகணும். அதனால கர்ப்பத்துல தைராக்சின் தேவை கூடும்.

கிளினிக்குக்கு வந்த ஒரு இளம்பெண். ரெண்டு வருஷமா 75 மைக்ரோகிராம் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. கர்ப்பம்னு தெரிஞ்சதும் வீட்டுல, "மூணு மாசத்துக்கு எந்த மாத்திரையும் வேண்டாம், கருவுக்கு ஆகாது"ன்னு நிறுத்திட்டாங்க. பாசத்துல சொன்னதுதான். அஞ்சு வாரம் கழிச்சு அவங்க என்கிட்ட வந்தது தலைசுத்தலுக்காக. டிஎஸ்ஹெச் 34. அன்னைக்கே மாத்திரையை ஆரம்பிச்சு, நாலு வாரத்துக்கு ஒரு தடவை பார்த்து, அளவைக் கூட்டிக் கொண்டுவந்தோம். குழந்தை நல்லபடியா பிறந்துச்சு. ஆனா எல்லாருக்கும் அப்படி அமையும்னு சொல்ல முடியாது. சிகிச்சை இல்லாம விட்டா கருச்சிதைவு, குறைப்பிரசவம், குழந்தையோட மூளை வளர்ச்சி பாதிக்கப்படுறதுன்னு எல்லாத்துக்கும் வாய்ப்பு கூடுது.

அதனால ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுறவங்க, மாதவிடாய் தள்ளிப்போய் கர்ப்பம்னு உறுதியானதும் அதே டோஸ்ல வாரத்துக்கு ரெண்டு மாத்திரை கூடுதலா, அதாவது ஏழுக்குப் பதிலா ஒன்பது போட ஆரம்பிச்சுட்டு, உடனே டாக்டரைப் பார்க்கணும்னு அமெரிக்கத் தைராய்டு சங்கத்தோட 2017 வழிகாட்டுதல் சொல்லுது. இதைக் கர்ப்பத்துக்கு முன்னாடியே உங்க டாக்டர்கிட்ட பேசி வச்சுக்கோங்க. டிஎஸ்ஹெச் 2.5-க்குக் கீழே வைக்கணும், முதல் பாதி கர்ப்பத்துல நாலு வாரத்துக்கு ஒரு டெஸ்ட். கர்ப்பத்துல கொடுக்கிற இரும்பு, கால்சியம் மாத்திரைகளை மதியத்துக்கும் ராத்திரிக்கும் தள்ளி வைங்க. பிரசவம் ஆனதும் பழைய டோஸுக்குத் திரும்பலாம். தாய்ப்பால் கொடுக்கும்போதும் தாராளமா சாப்பிடலாம்.

குழந்தை பிறந்ததும் இன்னொரு வேலை இருக்கு. ஏறக்குறைய ஆயிரத்துக்கு ஒரு குழந்தை தைராய்டு சரியா வேலை செய்யாமலே பிறக்குது. பார்த்தா எந்த வித்தியாசமும் தெரியாது. தெரியிறதுக்குள்ள மூளை பாதிப்பு வந்துடும், பிறகு சரிசெய்ய முடியாது. குதிகால்ல ரெண்டு சொட்டு ரத்தம் எடுத்து, பிறந்த ரெண்டு மூணு நாளைக்குள்ள டெஸ்ட் பண்ணினா கண்டுபிடிச்சிடலாம். ரெண்டு வாரத்துக்குள்ள மாத்திரையைப் பொடிச்சுத் தாய்ப்பால்ல கலந்து கொடுக்க ஆரம்பிச்சா அந்தக் குழந்தை மத்தப் பிள்ளைங்க மாதிரியே வளரும், படிக்கும். நம்ம நாட்டுல எல்லாப் பிரசவத்துலயும் இந்த டெஸ்ட் தானா நடக்கிறதில்லை. டிஸ்சார்ஜ் ஆகுறதுக்கு முன்னாடி "குழந்தைக்குத் தைராய்டு டெஸ்ட் எடுத்தாச்சா?"ன்னு நீங்களே கேளுங்க.

அளவு மிஞ்சினா?

எழுபது வயசைத் தாண்டின ஒரு பாட்டி, எடை 45 கிலோ. ராத்திரி படபடப்பு, தூக்கம் இல்லை, கை நடுக்கம்னு வந்தாங்க. பையிலிருந்து மாத்திரை பாட்டிலை எடுத்துக் காட்டினாங்க: 125 மைக்ரோகிராம். நல்லா எடை இருந்த காலத்துல எழுதின சீட்டு. அதைக் காட்டியே பல வருஷமா வாங்கிக்கிட்டு இருந்திருக்காங்க, நடுவுல டெஸ்டே இல்லை. டிஎஸ்ஹெச் 0.02. இசிஜி-யில் இதயத்துடிப்பு தாறுமாறா இருந்துச்சு. அந்த மாதிரித் துடிப்புல இதயத்துக்குள்ள ரத்தம் உறைஞ்சு மூளைக்குப் போய் பக்கவாதம் வரலாம். டோஸைக் குறைச்சோம், இதயத்துக்குத் தனியா சிகிச்சை கொடுத்தோம்.

தைராக்சின் தேவைக்கு மேல போனா இதயமும் எலும்பும் அடி வாங்கும். மாதவிடாய் நின்ன பெண்களுக்கு எலும்பு தேய்மானம் கூடும். அதனால உடம்பு இளைக்கணும்னு டோஸைத் தானா கூட்டிக்கிறது, இன்னொருத்தர் மாத்திரையை வாங்கிப் போட்டுப் பார்க்கிறது, ரெண்டும் வேண்டவே வேண்டாம்.

டிஎஸ்ஹெச் லேசா ஏறியிருந்தா?

டிஎஸ்ஹெச் 4.5-லிருந்து 10-க்குள்ள இருக்கு, டி4 நார்மல். இது எல்லைக்கோட்டு நிலை. எல்லாருக்கும் உடனே மாத்திரை தேவையில்லை. முதல்ல ரெண்டு மூணு மாசம் கழிச்சுத் திரும்ப டெஸ்ட் எடுக்கணும். நிறையப் பேருக்கு அது தானா இறங்கிடும். 2017-ல் ஐரோப்பாவில் 65 வயதைத் தாண்டிய 737 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று வெளியானது. இந்த நிலையில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு லெவோதைராக்சினும் மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரையும் கொடுத்தார்கள். சோர்விலும் மற்ற அறிகுறிகளிலும் இரண்டு குழுவுக்கும் வித்தியாசமே இல்லை. அதனால வயசானவங்களுக்கு டிஎஸ்ஹெச் 6, 7-ன்னு இருந்தா நான் பெரும்பாலும் காத்திருந்துதான் பார்ப்பேன். இளம் வயசு, கர்ப்பத் திட்டம், ஆன்ட்டிபாடி பாசிட்டிவ், கழுத்துல கழலை, இதெல்லாம் இருந்தா முடிவு வேற மாதிரி போகும். 10-க்கு மேல போனா பெரும்பாலும் மாத்திரைதான்.

நீங்க கேட்ட கேள்விகள்

ஆயுசுக்கும் போடணுமா? ஹஷிமோட்டோ நோயில பெரும்பாலும் ஆமா. தைராய்டை எடுத்தவங்களுக்குக் கண்டிப்பா ஆமா. பிரசவத்துக்கு அப்புறம் வந்த தைராய்டு அழற்சி, சில மருந்துகளால வந்தது, இதெல்லாம் சரியாகிப் போகலாம். அதை டாக்டரோட சேர்ந்து, டோஸைக் குறைச்சு, டெஸ்ட் எடுத்துத்தான் முடிவு பண்ணணும். கண்ணுக்குக் கண்ணாடி போடுறவங்க "ஐயோ ஆயுசுக்கும் போடணுமே"ன்னு கழட்டி வைக்கிறதில்லையே.

ஏன் இளைக்கலை? தைராய்டு குறைவால ஏறுற எடை சில கிலோதான், அதுலயும் பெரும்பங்கு உப்பும் நீரும். மாத்திரை அதை இறக்கும். மீதி எடைக்குச் சாப்பாடும் நடையும்தான் வழி.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர் சாப்பிடலாமா? சமைச்சு, வழக்கமான அளவு தாராளமா சாப்பிடலாம்.

அயோடின் உப்பு நிறையச் சேர்த்தா குணமாகுமா? ஆகாது. அயோடின் குறைவால வர்ற கழலை வேற, ஹஷிமோட்டோ வேற. இங்கே இருக்கிற பெரும்பாலானவங்களுக்கு அயோடின் போதுமான அளவு கிடைக்குது. கடற்பாசி மாத்திரை மாதிரி அளவுக்கு மிஞ்சி அயோடின் போனா ஹஷிமோட்டோ இருக்கிறவங்களுக்கு நிலைமை மோசமாகவும் செய்யலாம். அதுக்காக அயோடின் உப்பை விட்டுட வேண்டாம்.

டிஎஸ்ஹெச் நார்மல், ஆனா சோர்வு போகலை. டி3 சேர்க்கலாமா? இப்படிச் சொல்றவங்க இருக்காங்க, அவங்க சொல்றது பொய் இல்லை. முதல்ல ரத்தச்சோகை, வைட்டமின் பி12, டி, சர்க்கரை, தூக்கத்துல மூச்சுத் திணறல், மனச்சோர்வு இதையெல்லாம் பார்க்கணும். பல பேருக்குக் காரணம் அங்கதான் இருக்கும். டி4-யோட டி3 சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள்ல பொதுவா தெளிவான கூடுதல் பலன் தெரியலை. சில பேருக்கு மட்டும் ஹார்மோன் நிபுணர் கண்காணிப்புல முயற்சி பண்ணலாம். பன்றித் தைராய்டுப் பொடி மாத்திரை "இயற்கையானது"ன்னு இணையத்துல விளம்பரம் வரும். அதுல டி3-யோட பங்கு மனுஷத் தைராய்டு சுரக்கிறதைவிட ரொம்ப அதிகம். பன்றிக்கு இயற்கை, நமக்கு இல்லை.

இன்னைக்கு இவ்வளவுதான். கேட்டு முடிச்சதும் ஒரு வேலை செய்யுங்க. வீட்டுல யார் தைராய்டு மாத்திரை சாப்பிடுறாங்களோ அவங்க பாட்டிலை எடுத்து, எத்தனை மைக்ரோகிராம்னு பாருங்க. கடைசியா எப்போ டெஸ்ட் எடுத்தீங்கன்னு கேளுங்க. ஒரு வருஷம் தாண்டியிருந்தா இந்த வாரமே எடுக்கச் சொல்லுங்க. நான் இங்கே சொன்னது பொதுவான விளக்கம், உங்க டோஸை முடிவு பண்ண வேண்டியது உங்களை நேர்ல பார்க்கிற டாக்டர்.

அடுத்த பகுதியில இதுக்கு நேர் எதிரான நிலை, தைராய்டு அதிகமா சுரக்கிறதைப் பத்திப் பேசலாம்.